சிரிப்புக் கமிட்டியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினான்கு மாடி ஏறி இறங்கினேன். லிஃப்ட் மெக்கானிக் என்றால் சிம்மாசனத்தில் அமர்ந்தபடி மேலே போய் வருவான் என்று உலகம் நினைக்கிறது. லிஃப்ட் ஓடாததால்தானே ஐயா என்னைக் கூப்பிடுகிறார்கள்! என் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டன.

வீட்டுக்கு வந்தால் அதைவிடப் பெரிய பழுது. என் அக்கா மகள் பேசமாட்டேன் என்கிறாள். பதினாறு வயது. வாயைத் திறந்தால் மூன்று நீதிபதிகள் ஒரே நேரத்தில் நாற்காலியை விட்டு ஓடுவார்கள். அதனால் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தவன் நான். போன வாரம் பள்ளிக் கழிப்பறையில் மூச்சு முட்டி, இரண்டு பீரியட் கதவைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டாள். அக்கா போனை எடுக்காததால் நான்தான் போய் அழைத்து வந்தேன். அன்றிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேச்சும் நின்றுவிட்டது. அன்று வந்திருந்த சொந்தக்காரர்களிடம் அந்தக் கழிப்பறைத் தவத்தை நான் விவரித்தேன். பெரியப்பா சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி ஆடியது. வீட்டில் அவ்வளவு கலகலப்பு இருந்தும் இந்தப் பெண் ஏன் இப்படி?

மார்ச் 6

கமிட்டி அமைக்கப்பட்டது. நோக்கம்: வக்கீலைச் சிரிக்க வைத்தல். அத்தான் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். அவர் பெற்ற மகளுக்கும் ஓர் அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். 5.10 முதல் 5.35 வரை அக்கா, இதமான உரையாடல். 5.35-க்கு அத்தான், ஷட்டில் ஆட்டம். 6.00-க்கு நான், ‘பொது’. இடையில் ஐந்து நிமிடம் நோயாளி ஓய்வெடுக்கலாம்.

மார்ச் 8, சனி

என் முறை வந்தது. தலையில் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு, தோசைக்கரண்டியைச் செங்கோலாகப் பிடித்து, மூன்று கண்டங்களை ஆண்ட சக்கரவர்த்தியாக அவள் அறைக்குள் பிரவேசித்தேன். பின்னால் அத்தான் தாளம். அக்கா கைதட்டல். வக்கீல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கடைசியில், “எல்லாரும் கொஞ்சம் போறீங்களா?” என்றாள்.

மூன்று முழு வார்த்தைகள்! வெளியே வந்து கமிட்டி அதை மாபெரும் வெற்றியாகப் பதிவு செய்தது.

மார்ச் 9

அக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைப்பு. எட்டு வயதிலிருந்து அதே தந்திரம்தான். நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மார்ச் 11

மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். வக்கீல் காரை விட்டு இறங்கவில்லை. அக்காவும் அத்தானும் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். நெஞ்சை அடைக்கும்போது அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே உயிர் போவது போல இருக்கும், அது நடிப்பும் இல்லை சோம்பலும் இல்லை, சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் அவள் வந்து பேச வேண்டும் என்றாராம் டாக்டரம்மா. இழுத்து வர வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி அவளாக வரட்டும். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று பயப்படாமல் நேராகக் கேளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். லிஃப்ட் கயிறுகளில் பாதி அறுந்தாலும் இடத்தைவிட்டு நகராத நான் அப்போது வாசலுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன். “இல்லம்மா. அப்படி இல்ல.” அந்த ‘இல்ல’வைத் தூக்கிக்கொண்டு அக்கா வாசல்வரை ஓடி வந்து என்னிடம் காட்டினாள்.

இன்னொரு செய்தி. வீட்டில் மகள் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாள் என்று டாக்டர் கேட்டதற்கு, இருவரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்களாம். இந்த மாபெரும் பதவியை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று நான்கு முறை ஏற்றுக்கொண்டேன்.

மார்ச் 13

பதவியேற்ற கையோடு கதவைத் தட்டி, “வக்கீலம்மா, கேஸ் என்ன?” என்றேன்.

கதவு திறந்தது. நின்றுகொண்டே பேசினாள்.

“உங்ககிட்ட சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை ஊருக்கே தெரியும். அதுவும் பத்து மடங்கா.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அன்னிக்கு நான் செத்துருவேன்னு நெனச்சேன் மாமா. நீங்க அத தவம்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு இங்க கேட்டுச்சு. பெரிய தாத்தா இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னாரு. நீங்க இன்னொரு வாட்டி சொன்னீங்க.”

கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 14

ஆமாம், சொன்னேன். ரெண்டாவது தடவை அவ மூச்சு வாங்கற மாதிரி வேற செஞ்சு காட்டுனேன். என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து போன். அன்று சிரித்த ஒன்பது பேருக்கும் தனித்தனியாக மறுப்பு அறிக்கை: நான் சொன்னது வேடிக்கைக் கதை இல்லை, பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போன கதை, அதை நான் சொல்லியிருக்கவே கூடாது. பெரியப்பா, “உனக்குக் காய்ச்சலா?” என்றார். ஒரு மருமகன் இதுவும் புது ஜோக் என்று நினைத்து முடிவுக்காகக் காத்திருந்தான். முடிவே வராததால் போனை வைத்துவிட்டான்.

ஒன்பது பேரில் ஒருவர் மட்டும், “எனக்கும் அப்படி வரும்டா. பஸ்ல. இருபது வருஷமா,” என்றார். யார் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதக் கை அரிக்கிறது. எழுதமாட்டேன்.

மார்ச் 18

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒன்பது பேரிடமும் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கொஞ்ச நேரத்தில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன பேசுவீங்க?”

ஒரு பருத்த கனவானும் ஏழு பூனைகளும் ஒரே லிஃப்டில் மாட்டிய சரித்திரம் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. (உண்மையில் ஒரு பூனை.) விழுங்கினேன்.

“வெளிய நான் இருக்கேன்னு சொல்லுவேன். உள்ள காத்து வரும்னு சொல்லுவேன். எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியலன்னா, தெரியலன்னு சொல்லுவேன். அப்புறம் அங்கயே நிப்பேன்.”

“ஜோக்?”

“ம்ஹூம்.”

அவள் “ம்” என்றாள். அடடா, அந்த ‘ம்’! இதுவரை கேட்ட ‘ம்’கள் எல்லாம் வாசல் கேட்டைச் சாத்தும் ‘ம்’கள். இதற்குக் கொடிமரம் நட்டு ஒரு தேசியகீதமே இயற்றலாம்.

மார்ச் 20

கமிட்டி கலைக்கப்பட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து அட்டவணையைக் கிழித்தவர் அத்தானே. டிப்போ வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து, ஒன்றும் கேட்காமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து வக்கீல் எட்டிப் பார்த்து, “அப்பா, 8.20-க்கு ரெண்டு பஸ் ஒரே பிளாட்ஃபார்முக்கு வருது,” என்றாள். அத்தானுக்கு வந்த ஆனந்தத்தைப் பார்த்தால், இனி வேண்டுமென்றே மாதம் நாற்பது பஸ்ஸை மோதவிடுவார் போலிருக்கிறது.

மார்ச் 22

வக்கீலுக்கு மறுபடி மூச்சு முட்டியது. மத்தியானம். அக்கா யாரையும் கூப்பிடாமல் கூடவே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு நிமிடம். இதில் மிகை ஒன்றும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

போனாள்! தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு, தானாகவே காரை விட்டு இறங்கி, டாக்டர் அறைக்குள் தனியாகப் போனாள். நாங்கள் மூவரும் வெளியே ஒரே பெஞ்சில், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் மாதிரி. ஐம்பது நிமிடம். வெளியே வந்தவள், நீங்க கார்ல போங்க, நான் மாமாவோட நடந்து வரேன் என்று அக்காவிடம் சொன்னாள்.

நடந்தோம். இரண்டு கிலோமீட்டர் வழியை ஒன்றேகால் மணி நேரம் நடந்தோம். முழுக்க அவள் பேச்சு. இடையில் அவளே இரண்டு முறை என்னைச் சிரிக்க வைத்தாள். ஒரு முறை என் கண் கலங்கியது, பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு கடை போர்டைப் படித்தாள்.

என்ன சொன்னாள் என்றால்—

வேண்டாம்.

வீட்டில் அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், “என்னடா சொன்னா?” என்றாள். அவளிடமே கேள் என்றேன். என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அரை மணி நேரமாக இரண்டு குரல் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இடது காதில் கொஞ்சம் குறைவாகத்தான் வைத்திருந்தேன்.

இதோ, அதையும் அடைத்தாயிற்று.