பத்து மணிக்கு எருமை இறங்கும்

அடி அண்ணாமலை
8.10.2025

அடியே ரேவதி,

நீ நல்லாத்தான் இருப்ப. ஸ்டேட்டஸ்லதான் பாத்தேனே. கோடியக்கரையில முட்டி வரைக்கும் சேத்துல நின்னுகினு, கையில ஒரு கொசு உள்ளான் பறவையைப் பிடிச்சுகினு, பல்லு பூரா காட்டுற. பக்கத்துல கண்ணாடி போட்ட ஒருத்தி உன் தோள்ல கை போட்டு நிக்கறா. கீழ ‘என் கவியா’ன்னு எழுதியிருக்க. இத்தனை வருஷத்துல எனக்கு நீ இன்னாடி எழுதின? பிறந்த நாளுக்கு ஒரு கேக் படம் அனுப்புவ, அதோட சரி.

வயிறு எரிஞ்சு வாட்சப்பையே அழிச்சுட்டேன். போன் பண்ணாலும் எடுக்க மாட்டேன். வேணும்னா லெட்டர் போடு. லெட்டர்ல அவ மூஞ்சி தெரியாது.

ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. ஏரிக்கரையில உனக்குக் கொசு உள்ளானைக் காட்டுனது யாரு? அதைக் குருவிக் குஞ்சுன்னு சொன்னவ நீ. பனி நாட்டுல இருந்து பறந்து வருதுடின்னு நான் சொன்னா ‘ரீல் விடாத’ன்ன. இப்போ அதுங்க எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கக் கால்ல வளையம் மாட்ட உனக்குச் சம்பளம். நான் காலேஜை ரெண்டாவது வருஷமே விட்டவ. அதனால செங்கம் ரோட்டு கஃபேல வெள்ளைக்காரங்களுக்கு இஞ்சி டீ ஆத்திகினு இருக்கேன். போன மாசம் செல்போன் கடை. அடுத்த மாசம் எதுன்னு எனக்கே தெரியாது.

இன்னொரு சேதி. தீபத்துக்கு வர்ற கார்ங்களுக்கு நம்ம ஏரியோட ஓடைக்கரையில தற்காலிக பார்க்கிங் வரப்போகுது. அப்பாதுரை கான்ட்ராக்ட் எடுத்திருக்கான். சேத்து மேல செம்மண் கொட்டி மட்டம் பண்ணுவானாம். அந்தச் சேத்துலதான் உள்ளான் எல்லாம் புழு பொறுக்கி உடம்பு தேத்துதுங்க. கொட்டிட்டா எங்க போகும்? உன் கவியாவைக் கேட்டுச் சொல்லு.

வயித்தெரிச்சலுடன்,
அருணா


கோடியக்கரை
17.10.2025

என் அருணாவுக்கு,

போதுமா? ‘என்’ போட்டுட்டேன். பெரிய எழுத்துல.

இங்க சொகுசுன்னு நினைக்காத. உப்புக் காத்துல உதடு வெடிச்சு, சாம்பார் பட்டாலே கண்ணுல தண்ணி வருது. வலை கட்டணும், பிடிச்ச பறவையை எடை பாக்கணும், வளையம் மாட்டி உடனே விடணும். ஒவ்வொண்ணு பறக்கறப்பவும் இது திருவண்ணாமலை பக்கம் போனா அருணா பாப்பாளேன்னு நினைச்சுக்குவேன். நம்ப மாட்ட, தெரியும்.

பார்க்கிங் சேதி கேட்டதும் எங்க டீம்ல பேசி, அங்க கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தோம். ‘பறவை இருக்குன்னு நேர்ல பாத்து ரிப்போர்ட் குடுங்க, இடத்தை மாத்திடறோம்’னு நல்லபடியாத்தான் சொன்னாங்க. ஆனா ஒரே ஒரு தடவைதான் ஆள் அனுப்ப முடியும். இது பறவை வந்து இறங்கற நேரம், எனக்கு லீவு இல்ல. கவியாதான் வரா.

கோவிச்சுக்காத. அவளுக்கு அந்த ஏரி தெரியாது. நீதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். எனக்காக வேண்டாம், அதுங்களுக்காகச் செய்.

உன்
ரேவதி


அடி அண்ணாமலை
4.11.2025

ரேவதி,

நேத்து வந்தா உன் மகாராணி. நல்லவிதமா நடந்துக்கணும்னுதான் நினைச்சேன், சத்தியமா. கழுத்துல உன் பைனாக்குலர் தொங்குது. வாரு அறுந்தப்ப நான் பச்சை நூல்ல தச்சுக் குடுத்தேனே, அதேதான். அதையாடி அவளுக்கு மாட்டி விட்ட?

“காலைல எத்தனை மணிக்குப் போலாம் அருணா?”ன்னா.

“பத்து மணிக்கு. வெயில் ஏறுனாதான் வரும்”ன்னேன்.

பத்து மணிக்கு எருமை இறங்கும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜோதியம்மாள் அத்தை மந்தையை ஓடைக்கரையில விட்டதும் உள்ளான் அத்தனையும் எழும்பி உழவுக்காட்டுக்குப் போயிடும், சாயங்காலம்தான் திரும்பும். பாவம், அவ நிக்கறா, நிக்கறா, வெயில்ல மூஞ்சி பீட்ரூட் ஆகற வரைக்கும் நிக்கறா.

“எருமைதான் தெரியுது”ன்னா.

“இங்க அதான் ஜாஸ்தி”ன்னேன்.

அத்தை வேற, “இன்னாம்மா, எருமையையா அந்தக் குழாயில பாக்கற? கிட்ட வா, கடிக்காது”ன்னாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

சாயங்காலமும் பாக்கறேன்னா. கிரிவலக் கூட்டம் வருது, அப்புறம் பஸ்ல நிக்கக்கூட இடம் இருக்காதுன்னு பயமுறுத்தி ஏத்தி விட்டுட்டேன்.

அவ ஒண்ணும் பாக்கல. அப்போ நீதான் வந்தாகணும். விடியறப்ப கூட்டிட்டுப் போய் மொத்தத்தையும் காட்டறேன். வாடி.

அருணா


கோடியக்கரை
10.11.2025

அருணா,

கவியா பஸ்ல வரப்பவே ரிப்போர்ட்டை எழுதி அனுப்பிட்டா. ‘கரைப்பறவை எதுவும் காணப்படவில்லை.’ பாத்ததைத்தானே எழுதுவா. மண்ணு கொட்ட அனுமதி குடுத்துட்டாங்க. உன் லெட்டர் எனக்கு வந்தது நேத்து.

ஒரே தடவைன்னு எழுதியிருந்தேனே. படிக்கலையா நீ?

கவியாகிட்ட நான் இன்னும் சொல்லல. ‘பாவம் உன் ஃப்ரெண்டு, என்கூடவே வெயில்ல நின்னா’ன்னு சொல்லிகினு இருக்கா. நீ வேணும்னே பண்ணன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லாம இருக்கறதும் தப்புதான். அந்தத் தப்பையும் என் தலையில கட்டிட்ட.

இனிமே எழுதாத.

ரேவதி


அடி அண்ணாமலை
19.11.2025

ரேவதி,

எழுதாதன்னுட்ட. இதை மட்டும் படி, அப்புறம் கிழிச்சுப் போடு.

உன் லெட்டர் வந்த மறுநாள் காலைல டிப்பர் லாரி வந்துடுச்சு. நான் ஓடறதுக்குள்ள நாலு லோடு கொட்டிட்டான். உள்ளான் கூட்டம் வழக்கமா வர்ற நேரம். லாரிக்கு மேலயே சுத்துதுங்க. இறங்கப் பாக்குது, மேல ஏறுது, திரும்ப இறங்கப் பாக்குது. கொஞ்சம் செம்மண் மேலயே உக்காந்து கொத்திப் பாத்துச்சு. அங்க இன்னா இருக்கு கொத்தறதுக்கு?

“அண்ணா நிறுத்துங்க, பறவை இருக்கு”ன்னு அப்பாதுரைகிட்ட கத்துனேன்.

“உங்க ஆளுங்களே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க பாப்பா. தள்ளு”ன்னான்.

அங்கயே நின்னு கவியாவுக்கு போன் போட்டேன். “உன்னை எருமை பாக்க வச்சது வேணும்னேதான். கிளம்பி வா”ன்னேன்.

“ஏன் அப்படிப் பண்ண?”

“உன்னைப் பிடிக்கல. அதான்.”

திட்டுவான்னு நினைச்சேன். அவ, “இந்த வாட்டி எத்தனை மணிக்கு வரணும்?”ன்னா.

வந்தா. அவ சொந்த லீவுல, சொந்தக் காசுல. எங்க வீட்டுலதான் தங்குனா. விடியறப்ப சேத்துல குப்புறப் படுத்து, கொட்டாம விட்ட பக்கத்துல இருந்ததை எல்லாம் படம் எடுத்தா. ஆபீஸுக்கு நானும் போனேன். முதல் ரிப்போர்ட் ஏன் தப்புன்னு கேட்டாங்க. கவியா என்னைக் காட்டிக் குடுக்கல. நான்தான் சொன்னேன், அத்தனை பேர் முன்னாடி. காலேஜை விட்டப்பகூட அப்படி உடம்பு கூசல.

நிறுத்திட்டாங்க. பார்க்கிங் இப்போ இராமலிங்கம் மாமாவோட கடலைக்கொல்லையில. அறுவடை முடிஞ்சு சும்மாதான் கிடக்கு. ஆனா அதுக்குள்ள கரையில பாதிக்குச் செம்மண் ஏறிடுச்சு. அள்ளுனா சேறும் சேந்து வந்துடும், அப்படியே விடறதுதான் நல்லதுன்னு கவியா சொல்லிட்டா. மழையில கரைஞ்சு ஏரிக்குள்ள சிவப்பா ஓடுது. தினம் போய்ப் பாக்கறேன். இருக்கற பாதியில நெருக்கியடிச்சுகினு மேயுதுங்க. கூட்டம் கம்மிதான்.

கவியா நல்லவடி. அதுவே எனக்கு எரிச்சலா இருக்கு.

அருணா


கோடியக்கரை
25.11.2025

அருணா,

கிழிக்கல.

கவியா வந்ததுல இருந்து உன் பேச்சுதான். அருணா ஸ்கூட்டி ஓட்டற வேகம் இருக்கே, அருணா அப்பாதுரையை ஒரு முறை முறைச்சா பாரு, அருணா வீட்டுக் கேழ்வரகுக் களி மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல. ஒரே பாயில படுத்துப் பேசிகினு இருந்தீங்களாமே. என்னைப் பத்தி இன்னா பேசுனீங்கன்னு கேட்டேன். “உன்னைப் பத்திப் பேசவே இல்லையே ரேவதி”ன்னா. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

மண்ணு கொட்டுன பாதிக்கு உன்னை நான் மன்னிக்கல. எப்போன்னும் தெரியாது. நேர்ல வந்து திட்டறேன்.

தீபத்துக்கு ரெண்டு நாள் லீவு குடுத்துட்டாங்க. கவியாவும் வரேன்னு பையை எடுத்து வச்சா. வலை பாக்க ஒரு ஆளாவது இங்க வேணும், நீ இருன்னு சொல்லி நிறுத்திட்டேன்.

அந்த ரெண்டு நாளும் இங்க வலையே கட்டப் போறதில்ல.

ரேவதி