நம்மட பொடியன்களுக்கு எழுதிய கடிதம்

அக்கா,

உங்கள் பொடியன்கள் திரும்பவும் சேர்ந்துவிட்டார்கள். நேற்றுக் காலை அஜக்ஸ் ரயில் நிலையத்தில் கோப்பியும் கையுமாக நிற்கிறேன், எதிர்ச் சுவரில் ஆளுயரத்தில் அவர்கள் படம். மூன்று பேருக்குத் தலை நரைத்துவிட்டது, நாலாமவருக்கு நரைக்க ஒன்றும் மிச்சமில்லை. ரொறொன்ரோவில் இரண்டு நாள் கச்சேரியாம். இத்தனை வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்துவிட்டு, நீங்கள் போன பிறகுதானா இவர்களுக்குப் புத்தி வரவேண்டும்? வந்த எரிச்சலில் நான் ரயிலையும் விட்டுவிட்டேன்.

இந்த ஆங்கிலப் பாட்டுக் குழுவை, இந்தப் பான்ட்காரரை, எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய தேவையே இல்லை. எல்லாம் உங்களால் வந்தது. தொண்ணூறுகளில், கடைகளுக்குச் சீடி அனுப்பும் அந்த ஸ்காபரோ பண்டகசாலையில், நீங்களும் நானும் ஒரே மேசையில் பெட்டி கட்டினோம். நான் பார்க்டேலில் இருந்து சப்வேயும் இரண்டு பஸ்ஸும் மாறி மூச்சுவாங்க வந்து சேர்வேன். நீங்கள் அஜின்கோர்ட்டிலிருந்து நடந்தே வந்து கையுறையும் போட்டுக்கொண்டு நிற்பீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் ஆங்கிலத் தட்டச்சாளராக இருந்தவள். நீங்கள் மட்டக்களப்பில் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். யாரைக் கண்டாலும் அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதுதான் உங்கள் கண்ணில் முதலில் படும்.

அப்படித்தான் அவர்களும் பட்டார்கள். இங்கிலாந்தில் ஏதோ மழைக்கால ஊரைச் சேர்ந்த நாலு பேர். முதல் சீடி மூன்றே மூன்று பெட்டிதான் வந்தது. அட்டையில் கடற்கரை வாங்கு ஒன்றில் நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"இதுகள் தின்னுறதே இல்லையா புள்ள? நெஞ்செலும்பு தெரியுது."

"அக்கா, அது அவையின்ர ஸ்டைல். பெட்டியை ஒட்டுங்கோ."

இரண்டாவது சீடிக்குப் பிறகு ஊரே அவர்களுக்குப் பின்னால் போனது. எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அவர்கள்தான். சனிக்கிழமைகளிலும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். குனிந்து நிமிர்ந்து எனக்கு நாரி விட்டுப் போனது. நீங்களோ மகன் சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்ததுபோல உலாவினீர்கள். "நம்மட பொடியன்கள்" என்று சொல்லத் தொடங்கியது அப்போதுதான். ஒருநாள் சாப்பாட்டு அறையில் யாரோ அந்தச் சீடியைப் போட்டார்கள். ஒரு பாட்டு முடியுமட்டும் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தீர்கள்.

"பாட்டு எனக்கு வேணாம். கத்தட்டும். பொடியன்கள் நல்லா இருந்தாச் சரி" என்றீர்கள். அப்படியொரு ரசிகையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

மூன்றாவது சீடிக்கு அட்டை முழுக்கக் கறுப்பு. லொறி லொறியாகப் போனது, சில மாதத்தில் லொறி லொறியாகத் திரும்பி வந்தது. விற்காததைக் கடைக்காரர்கள் எங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். விலைச் சீட்டை உரித்து, கொஞ்சத்தை வைத்துக்கொண்டு, மற்றதை நொறுக்கும் இயந்திரத்தில் கொட்டவேண்டும். அதுவும் எங்கள் வேலைதான். எனக்கு அது வேலையாக மட்டும்தான் இருந்தது. நீங்கள் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் செத்தவீட்டுக்கு வந்தவர்போல நின்றீர்கள்.

"புள்ள, ஒரு கடிதம் எழுதுவம்."

"ஆருக்கு?"

"பொடியன்களுக்கு. இவ்வளவும் திரும்பி வந்து கிடக்கு. ஆராவது ஒரு வார்த்தை விசாரிக்க வேணாமா? நம்மட கையால போனது, நம்மட கைக்குத்தானே மறுகா வந்திரிக்கு."

அவர்களுக்கு நாங்கள் யாரென்றே தெரியாது என்றேன். அவர்களிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது என்றேன். சிரிப்பார்கள் என்றேன். நீங்கள் கேட்கும் ஆளா? சீடியின் உள்தாளில் ரசிகர்கள் எழுதுவதற்கென்று லண்டன் முகவரி ஒன்று இருந்தது. அதை விரலால் தட்டித் தட்டிக் காட்டினீர்கள். ஒரு கிழமை முழுக்க, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நீங்கள் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன்.

திரும்பி வந்ததற்கு மனம் உடைய வேண்டாம் என்றீர்கள். லேபிள் எல்லாம் நேராகத்தான் ஒட்டினோம், எங்கள் பக்கம் பிழையில்லை என்றீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் வில்லங்கம். "பாடுற பொடியனுக்கும் கிற்றார் வாசிக்கிறவனுக்கும் சரியில்லை. என்ன கோவம் எண்டாலும் சாப்பாட்டை மட்டும் ஒரு மேசையில இருந்து சாப்பிடுங்க எண்டு எழுது."

இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூன்று சீடியையும் வரிசையாக வைத்தீர்கள். முதலாவதில் இரண்டு பேரும் தோளோடு தோள். இரண்டாவதில் நடுவில் மற்ற இருவர். மூன்றாவதின் உள்ளே ஆளுக்கொரு தனிப்படம். நாளுக்கு நூற்றுக்கணக்கில் கையில் எடுத்து ஒட்டிய எனக்கு அது தெரியவில்லை.

ஆனாலும் நான் அதை எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வளர்ந்த வெள்ளைக்காரருக்கு, ஒரு மேசையில் இருந்து சாப்பிடுங்கள் என்று நான் எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? தட்டச்சாளரின் மிடுக்கோடு, உங்கள் இசை எங்களுக்குப் பிடிக்கும், மென்மேலும் வளர வாழ்த்துகள் என்று நாலு வரி எழுதி அனுப்பினேன். எல்லாம் எழுதியாச்சோ என்று கேட்டீர்கள். "ஓம் அக்கா, எழுதினனான்" என்றேன்.

மூன்று மாதத்தால் ஓர் அட்டை வந்தது. நன்றி என்று அச்சடித்து, கீழே நாலு கையெழுத்து. நான் துள்ளினேன். நீங்கள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தீர்கள்.

"சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் இல்லையே. நாலு பேரும் நாலு நிறத்தில கையெழுத்துப் போட்டிரிக்காங்கள். ஒரு மேசையில இருந்தா ஒரு பேனையில எல்லே போட்டிருப்பாங்கள்?"

அடுத்த வருடம் பான்ட் உடைந்தது. பாடகரும் கிற்றார்காரரும் மேடையிலேயே சண்டை பிடித்தார்களாம். சாப்பாட்டு அறையில் கிடந்த பேப்பரில் பார்த்து நான்தான் வாசித்துச் சொன்னேன். நீங்கள் சோற்றுப் பெட்டியை மூடினீர்கள்.

"நான் சொன்ன விதம் பிழையோ புள்ள? முகம் தெரியாத ஆக்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கப்படாதோ? கோவம் வந்திட்டோ தெரியா."

இரண்டு நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தாங்கவில்லை. அந்த வரியை நான் எழுதவே இல்லை என்று மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். நீங்கள் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலோரம் பிலிப்பினோப் பெண்களின் மேசையில் உட்கார்ந்தீர்கள். அவர்களோடு பேச உங்களுக்குப் பத்துச் சொல் ஆங்கிலம்கூட இல்லை. ஆனாலும் மூன்று கிழமை அங்கேயே சாப்பிட்டீர்கள். சீடி பெட்டி கட்டும்போது பக்கத்தில்தான் நிற்பீர்கள், ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். ஒரு பான்ட்டுக்காக இப்படியா என்று நான் உள்ளுக்குள் கொதித்தேன். பான்ட்டுக்காக இல்லை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. என்னை நம்பி உங்கள் வாய்ச்சொல்லைத் தந்தீர்கள், அதில் எது சபைக்கு உதவும், எது உதவாது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

நாலாவது கிழமை திங்கட்கிழமை, என் முன்னால் உங்கள் சோற்றுப் பெட்டி வந்து இருந்தது.

"கோவம் போயிட்டோ அக்கா?"

"போகல்ல. தள்ளி இரு. அவங்களுக்குச் சொன்ன நான், நான் சொன்னதைக் கேக்காட்டி எப்படி?"

அன்றைக்கு நீங்கள் தந்த மீன் பொரியலில் உப்புக் கூடிப்போயிருந்தது. நான் சொல்லவில்லை.

பண்டகசாலை மூடியபின் நான் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கும் வேலைக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரே ஒரு விதிதான். சனம் என்ன சொன்னாலும் ஒரு சொல் விடாமல் சொல்வேன். அவர்கள் டொக்டரைத் திட்டினாலும் சொல்வேன்.

உங்களுக்கு வருத்தம் முற்றிய கடைசி மாதத்தில், உங்களோடு நானும் டொக்டரிடம் வந்தேன். இனி மருந்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று அந்தச் சின்ன வயது டொக்டர் மெல்லச் சொன்னார். நான் அதை அப்படியே தமிழில் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இந்தத் தம்பி விடியக்காலையில இருந்து நிக்கிறார். சாப்பிட்டாரா எண்டு கேளு."

"அக்கா, அவர் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?"

"விளங்கிச்சு. நீ கேளு."

பழைய வெட்கம் திரும்ப வந்தது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அவர் கையிலிருந்த பைலை மேசையில் வைத்தார். இன்னும் இல்லை என்றார்.

"கன்ரீன் எத்தினை மணிக்குப் பூட்டும் எண்டும் கேளு" என்றீர்கள். அதையும் கேட்டேன்.

நேற்று வேலை முடிந்து வந்ததும், பான்ட்டின் புது முகவரியைத் தேடியெடுத்து அந்தக் கடிதத்தைத் திரும்ப எழுதினேன். பெட்டி திரும்பி வந்தது, லேபிள் நேராக ஒட்டியது, நாலு பேனை, எல்லாம் எழுதினேன். கீழே உங்கள் பெயரைப் போட்டேன். என்ன மனுசி நீங்கள், போயும் எனக்கு வேலை வைத்திருக்கிறீர்கள்.

படத்தில் நாலு பேருக்கும் தொப்பை வைத்திருக்கிறது, அக்கா. சாப்பிடுகிறார்கள். ஒரு மேசையிலா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.