யாரும் எடுக்காத நானூறு புத்தகம்

என்னங்க,

மாநாட்டுல வாயைத் திறக்காதேன்னு சொல்லி அனுப்பினீங்க. திறந்துட்டேன்.

புதுசா வேலைக்குச் சேர்ந்த நூலகர்கள் என்னைச் சுத்தி உட்கார்ந்தாங்க. "அஞ்சு வருஷமா யாரும் எடுக்காத புத்தகத்தை எல்லாம் கழிச்சுக் கட்டச் சொல்றாங்க மேடம், நீங்க என்ன பண்றீங்க?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. "நானே எடுத்து, தேதி முத்திரை குத்தி, மறுநாள் திருப்பி வெச்சுடுவேன். இதுவரைக்கும் நானூறு"ன்னேன். நம்ம துறை இயக்குநர் பின்னாடி நின்னதைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு அதைக் குறிச்சுக்கிட்டா.

விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வரும். தலைமை நூலகர் நீங்க, கையெழுத்து நீங்கதான் போடணும். பொண்டாட்டின்னு பார்க்காம தாராளமாப் போடுங்க.

பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. அந்த நானூறுல பாதி, உங்க உறுப்பினர் அட்டையில எடுத்தது.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி