பதில் வருமுன் கொடுத்த இடம்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா? பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கணினியில் ஓடும் நிரல்களுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குவதுதானே என் வேலை. நிரல்களை ஓட்டும் சில்லுகளான ப்ராசசர்கள் ஒவ்வொன்றும் அந்த இடங்களின் முகவரியைக் குறித்துவைத்திருக்கும். நான் எழுதிய பகுதியால், ஒரு நிரல் பதிந்துவைக்கும் தகவல் இன்னொன்றின் இடத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது. இந்த வாரம் சரியாகாவிட்டால் என் விடுப்பு ரத்து என்றார் மேலாளர். வரிவரியாகப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். எல்லோரும் 'வாயாடி' என்பார்கள். அவள் வந்து பார்த்தாள்.

"சார், பழைய முகவரியை மறந்துடுங்கன்னு எல்லா ப்ராசசருக்கும் சொல்லி அனுப்பினீங்க, சரி. அதுங்க பதில் சொல்றதுக்குள்ள இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துட்டீங்களே. குடியிருக்கறவங்க சாமான் எடுக்கறதுக்குள்ள வீட்டை வாடகைக்கு விட்டா சண்டை வராதா?"

எல்லாப் பதிலும் வரும்வரை காத்திருக்கும்படி மாற்றினோம். பிழை போயே போயிற்று. எனக்குக் கைகூப்பத்தான் தோன்றியது. இத்தனை படித்தும் அந்தக் கண் எனக்கு வாய்க்கவில்லை.

விடுப்பு உறுதியாகிவிட்டது. கட்டிலருகே உள்ள விளக்குக்கு பல்பு வாங்கி வை. என் பழைய செருப்பை எறிந்துவிடாதே. ரயில் நிலையத்துக்கு நீ அலைய வேண்டாம். வந்துவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அவசரத்தில்,
உன் கணவன்