பதிவான சாவிகள்: இரண்டு

ஆமாம், முதலில் நானும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். மறைக்க மாட்டேன். மலை ஏறும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும், நீ அன்று போட்ட ஒயர் இணைப்பை மனதுக்குள் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

இப்போது கண்ணமங்கலத்தில் என் வண்டி ரிப்பேர் கடை மேசையில் ஒரு மஞ்சள் நூல் கிடக்கிறது. இரண்டு முழம் இருக்கும். அவிழ்த்த பிறகும் முடிச்சு இருந்த இடங்களில் சுருண்டே இருக்கிறது. தொட்டால் விரலில் மஞ்சள் வாசனை. அது எப்படி இங்கே வந்தது என்று உன்னிடம் சொல்லாமல் இன்றைக்கு வேறு வேலை ஓடாது. நேற்று நடந்தது அவ்வளவு நல்ல விஷயம்.

முந்தாநாள் உன் அப்பா போன் செய்தார்.

"வண்டி எடுக்க மாட்டேங்குதும்மா. இன்ஜின் சுத்துது, புடிக்க மாட்டேங்குது. செவப்பு லைட்டு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது."

"கார் மேல பூட்டு போட்ட மாதிரி படம் இருக்குமே, அதாப்பா?"

"அதேதான். அது போட்ட ஒயரு வுட்டுடுச்சின்னு மெக்கானிக்கு சொல்றான். நான் சொல்லலம்மா. அவன் சொல்றான்."

'அது' என்றால் நீ. உன் பெயரை இந்த ஒரு வருஷமாக அவர் சொல்வதில்லை.

"ஞாயித்துக்கெழம வந்து திருட்டுப் பூட்டு ஒயரையெல்லாம் வெட்டிட்டு வேற பொட்டி வெச்சிட்றேன்றான். வெட்டிடட்டுமா?"

"வெட்ட வேணாம்பா. நாளைக்கு நான் வர்றேன்."

சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது. இணைப்பு உண்மையிலேயே விட்டிருந்தால்? நீ கடைசியாகச் செய்த வேலை அது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் "எம்பொண்ணு ரிப்பேர் பண்ண வண்டி" என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். அந்த வாயால் இனி என்ன சொல்வார்?

அந்த மழை நாள். எலி கடித்த இரண்டு ஒயர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு நீ மல்லாந்து கிடந்தாய், கால் இரண்டும் வெளியே. டார்ச் பிடித்தது நான். டார்ச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்கியதும் நான்.

"என் மூக்குக்கு எதுக்குடி வெளிச்சம்? ஒயருக்குக் காட்டு."

பற்றவைத்து, மேலே நீல பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூடாக்கிச் சுருக்கி, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாய். "இழுத்துப் பாரு. பயப்படாம இழு. உன் பலம் எனக்குத் தெரியாதா." இழுத்தேன். வரவில்லை. அவ்வளவு சிரித்தாய்.

அந்த மழையில் உனக்குக் காய்ச்சல். நான்கு நாள்.

இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

நேற்று உன் வீட்டு வாசலில் வண்டி புளியமரத்தடியில் நின்றது, கண்ணாடியெல்லாம் காய்ந்த சருகு. அம்மா வழக்கம்போல "இன்னாம்மா இப்டி மெலிஞ்சி போய்ட்ட" என்றார். அப்பா சாவியைக் கொடுத்தார். போட்டுத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கியது.

சாவியின் தலைக்குள் அரிசியளவு சிப். அதற்குச் சொந்தமாக பாட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் என்ற கம்பிச் சுருள்தான் அதை எழுப்பும். எழுந்ததும் தன் எண்ணைச் சொல்லும். எண் சரி என்றால்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல். காலேஜில் இதை நாம் பத்து மார்க் கேள்விக்குப் படித்தோம். நீ மட்டும் அன்றைக்கே, "பாவம்டி, யாராவது கூப்ட்டாதான் அதுக்கு உயிரே வருது" என்றாய்.

அப்படியென்றால் மினுக்கும் விளக்குக்கு அர்த்தம் ஒன்றுதான். வண்டிக்குச் சாவியின் குரல் கேட்கவில்லை. குரல் வரும் வழியில் உன் இணைப்பு இருக்கிறது.

பாட்டரியிலிருந்து தொடங்கினேன். 12.6 வோல்ட். நல்லது. ஃப்யூஸ் நல்லது. எர்த் நல்லது. எல்லாம் நல்லது, நல்லது என்றே வந்தது. எல்லாமே நன்றாக இருந்தால் மிச்சம் நீதான்.

ஸ்டியரிங்கின் கீழ் மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே நீல ஸ்லீவ். மேலே மார்க்கரில் நீ போடும் சின்ன டிக். வேலை முடிந்தது என்று உனக்கு நீயே போட்டுக்கொள்ளும் டிக்.

மீட்டரின் முனைகளை வைக்கும் முன் கை நின்றது. "ஆசைப்பட்டுக்கிட்டு அளக்காதடி" என்பாய். எனக்கு ஆசை இருந்தது. அதோடுதான் அளந்தேன்.

பீப்.

வழி முழுசாக இருந்தால்தான் மீட்டர் கத்தும். ஒயரை ஆட்டினேன். பீப் அறுபடவில்லை. வளைத்தேன். முறுக்கினேன். இழுத்தேன், பயப்படாமல் இழுத்தேன். பீப். காயிலும் சேர்ந்துதான் அந்த வழி, அதுவும் சரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீ இல்லை. நீ இல்லவே இல்லை!

ஆனால் விளக்கு மினுக்கிக்கொண்டேதான் இருந்தது. குற்றவாளி நீ இல்லையென்று மட்டும் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவன் கேட்பானா? வண்டி ஓடவில்லையே.

ஸ்கேனரை மாட்டி என் போனோடு இணைத்தேன். போனில் இரண்டு வரி வந்தது. பதிவான சாவிகள்: 2. படித்த சாவி: இல்லை.

"எப்பலேர்ந்துப்பா இப்டி?"

அப்பாவும் அம்மாவும் ஒன்றாகத் தொடங்கினார்கள். நீ சிரித்திருப்பாய்.

"போன சந்தைக்கு முன்னாடி—"

"இல்லம்மா, வருசம் கும்புட்டமே, அதுக்கு அப்புறம்—"

"ஒருக்கா எடுக்குது, ஒருக்கா எடுக்கல—"

"வெள்ளிக்கெழம குங்குமம் வெச்சா எடுக்குது—"

"குங்குமத்துக்கும் இன்ஜினுக்கும் இன்னா சம்பந்தம்?"

"எடுத்துச்சா இல்லியா? அத்த சொல்லு."

ஒன்றும் புரியவில்லை. ஹாஸ்டலில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீ அவர்களிடம் தினமும் சொல்வது என் வாயிலிருந்து தானாக வந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணா பேசுனா ஒண்ணுமே கேக்கல. ஒருத்தர் பேசுங்க."

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னைப் பார்த்தார்கள். அது யாருடைய வார்த்தை என்று மூவருக்கும் தெரியும்.

எனக்கு அந்த அமைதியில் வேறொன்று கேட்டது. ரெண்டு பேரும் ஒண்ணா பேசுனா. பதிவான சாவிகள் இரண்டு.

"அம்மா, இன்னொரு சாவி எங்க?"

"அதோடவே தானம்மா இருக்கு."

துவாரத்தில் இருந்த சாவியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தடியாக மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. புதுச் சாவிக்கு மஞ்சள் நூல் கட்டுவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. அதனால்தான் கண்ணில் பட்டும் படவில்லை. மெக்கானிக்கும் அதைத்தானே பார்த்திருப்பான். கட்டு ஏன் இவ்வளவு தடிமன் என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. நூலுக்குள் இரண்டு சாவிகள், தலையோடு தலை. அப்பாவுடையது, உன்னுடையது.

"வருசத்தன்னிக்குப் படத்துக்கு முன்னாடி ரெண்டுத்தையும் வெச்சிக் கும்புட்டேன்," என்றார் அம்மா. "அதோட சாவிய மட்டும் தனியா பொட்டில வுட மனசு வரல. அப்பா சாவியோட சேத்துக் கட்டிட்டேன். சந்தைக்கிப் போறப்ப கூடவே போய்ட்டு வரட்டும்னு."

காயில் கூப்பிடுகிறது. இரண்டு சிப்பும் எழுந்து ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்கின்றன. வண்டிக்கு இரண்டும் காதில் விழவில்லை. கட்டு தளர்ந்து ஒன்று கொஞ்சம் விலகித் தொங்கினால் அன்றைக்கு எடுக்கிறது. வெள்ளிக்கிழமைக் குங்குமம்கூடப் பொய்யில்லை. சாவிக்கு வைக்கும்போது அம்மாவின் கை பட்டுக் கட்டு நகர்ந்திருக்கும்.

இதை எப்படிச் சொல்வது? தொழிலில் இது மிகச் சின்ன வேலை. நூலை வெட்டினால் முடிந்தது. என் பையில் கட்டர் இருந்தது. எடுக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணா பேசுதும்மா. அதான் வண்டிக்குப் புரியல. பிரிச்சாதான் எடுக்கும்."

அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். அப்புறம் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நூலை என் கையில் கொடுத்தார். அப்படித்தான் அது என்னிடம் வந்தது.

அப்பாவின் சாவி மட்டும். திருப்பினேன். விளக்கு அணைந்தது. இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது.

அப்பா கை தட்டிவிட்டார். நான் இன்ஜினை அணைத்தேன்.

"எதுக்கும்மா நிறுத்தற?"

"ஓடுனா போதாதுப்பா. மறுபடி கெடுத்துக் காட்டணும். இல்லன்னா ஒங்க பொண்ணு ஒத்துக்க மாட்டா."

இரண்டையும் தலையோடு தலை சேர்த்துப் பிடித்தேன். மினுக்கியது, எடுக்கவில்லை. பிரித்தேன், எடுத்தது. மூன்று முறை. எனக்கும் சிரிப்பு, அவர்களுக்கும் சிரிப்பு. கண்ணாடியின் சருகெல்லாம் அதிர்ந்து விழுந்தது.

கடைசியாக உன் சாவியை மட்டும் போட்டேன். அது தேவையில்லாத சோதனை. தெரியும். விளக்கு அணைந்தது. வண்டி எடுத்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு, எந்தக் கேள்வியும் கேட்காமல்.

உன் சாவியின் எண்ணை அப்பா போனில் குனிந்து பார்த்தார். "இத அழிச்சிடணுமா?"

"வேணாம்பா. இருக்கலாம். வண்டிக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்ப அது போட்ட ஒயரு..."

"நான் போட்டிருந்தா இந்நேரம் வுட்டிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை விரித்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்தார். கால் இரண்டும் வெளியே. நான் டார்ச் பிடித்தேன், இந்த முறை ஒயருக்கு நேராக. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளேயிருந்தே உன் பெயரைச் சொன்னார். ஒரே ஒரு முறை. அப்புறம் ஜமுனாமரத்தூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்றார். "எம்பொண்ணு வேல சரியாத்தான் இருக்குதுப்பா. சாவிங்கதான் ஒண்ணா பேசிக்கினு இருந்துதுங்க."

உன் சாவி இப்போது வீட்டுக்குள் உன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. சந்தைக்கு அப்பாவின் சாவி போகும். வாரத்தில் ஒரு நாள் உன்னுடையதைப் போட்டு வண்டியை எடுப்பதாக அம்மாவே சொன்னார். அவருக்கு ஓட்டத் தெரியாது. இன்ஜினை மட்டும் எழுப்பி அணைப்பாராம்.

நீ என்னைக் கேட்பாய்: ஆசைப்பட்டுக்கொண்டுதானே அளந்தாய்? ஆமாம். இனியும் அப்படித்தான் அளப்பேன் போலிருக்கிறது. ஆனால் மீட்டர் காட்டுவதை மட்டும்தான் சொல்வேன். மறுபடி கெடுத்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விட மாட்டேன். நீ கற்றுத்தந்த இவை இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

மூடியை மாட்டி நான்கு திருகுகளையும் முடுக்கினேன். உன் டிக்குக்குப் பக்கத்தில் என்னுடையதையும் போடலாமா என்று தோன்றியது, போடவில்லை. கை கழுவிவிட்டு அம்மா வைத்த சாமைச் சோற்றைச் சாப்பிட்டேன். மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கினேன்.