முதல் டப்பா உங்களுக்குத்தான்

மகிமா அப்பா,

மீன்குழம்பு அடுப்புமேல இருக்கு. குடோன் சாவி ஆணியில மாட்டியிருக்கேன். நான் சர்ச்சுல பாட்டுப் பிராக்டிசுக்குப் போறேன்.

நம்ம சண்டைக்கப்புறம் உங்ககூடப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன், முடியல. பள்ளிக்கூட மீட்டிங்ல நான் ஜெயிச்சுட்டேன்! பிள்ளைகளுக்குக் கஞ்சா டெஸ்ட் எடுத்தா ஆரம்பத்துலயே காப்பாத்திரலாம்னு நீங்க சொன்னது சரிதான். ஆனா நீங்க சொன்ன மாதிரி மாட்டுன பிள்ளையை டி.சி. குடுத்து வெரட்டுனா, அது நேரா விக்கிறவன்கிட்டதான போய் நிக்கும்னு கேட்டேன். ஹெட்மாஸ்டரே கை தட்டுனாக. இனி டி.சி. கிடையாது, வைத்தியந்தான்.

பிள்ளைகளை மட்டும் ஏன் சந்தேகப்படணும்? யோசனை சொன்னவுக முதல்ல குடுக்கட்டும்னு முடிவாச்சு. மூத்திர டப்பா டீவி பக்கத்துல இருக்கு. காலையில மறந்துராதீக.

சொர்ணம்

பி.கு: இன்னைக்கு ஒயின்ஷாப் பக்கம் போயிராதீக. சரக்கையும் சேத்து டெஸ்ட் பண்ணச் சொன்னதே நான்தான்.