வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றைய சாதனை: அப்பாவின் சாப்பாட்டு நாற்காலிக்கு மேலே ஒரு அட்டை தொங்கவிட்டேன். "வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது." சிவப்பு ஸ்கெட்ச், கொட்டை எழுத்து. போன வாரம் அம்மாவுக்கு டிபன் பாக்ஸ் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் வார்டில் ஒரு கட்டிலுக்கு மேலே பார்த்தது. அப்பா தன் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டதிலிருந்து இப்படி ஒரு அட்டைக்குத்தான் காத்திருந்தேன்.

அப்பா தட்டோடு வந்தார். நிதானமாகப் படித்தார். "மூக்கு வழியா கொடுக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

டியூட்டி முடிந்து வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் சிஸ்டரம்மாவைச் சிரிக்கவைத்தால் அது மெடல். மற்ற நாட்களில் அவள் நம்மைக் கேட்கிற கேள்வியே, காலையில் ஒழுங்காகப் போச்சா என்பதுதான்.

அப்புறம் சொன்னாள். அட்டை தொங்குகிற அந்தக் கட்டிலில் இருக்கிற வயதான அம்மாவுக்குப் பக்கவாதமாம். கை கால் மட்டுமில்லை, தொண்டையும் விழுங்குவதை மறந்துவிட்டதாம். தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் மூக்கில் குழாய், சாப்பாடு தண்ணீர் எல்லாம் அதில்தான்.

"தொண்டை எப்படிம்மா மறக்கும்? கடைச் சாமானை நான் மறக்கிற மாதிரியா?"

"நீ மறக்கிறது நடிப்புடி வாலு. அது நிஜம்."

பிப்ரவரி 7, வெள்ளி

அம்மா சாப்பிடும்போது ஆஸ்பத்திரியையே மேசையில் கொட்டுவாள். யார் பேரையும் சொல்லமாட்டாள். ஆனால் கட்டில்காரர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஊசி என்றால் பாட்டு பாடுகிற தாத்தா, பல்செட்டைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறவர்.

இன்று அட்டைக் கட்டில். அந்த அம்மா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். குழாயில் தண்ணீர் போனாலும் நாக்குக்குத் தெரியாதே. அம்மா துணியை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுவாளாம். துணியை விடாமல் கவ்விக்கொள்கிறார்களாம்.

மகன் வெளியூரில். கூட இருப்பது மகள் மட்டும்தான், தையல்காரி. எங்கள் பஸ் திரும்புகிற முனையில் இருக்கிற கடை அவளுடையதுதானாம். "உங்க யூனிஃபார்ம் தோள்ல தொங்குது சிஸ்டர், கொண்டு வாங்க, பிடிச்சுத் தரேன்" என்றாளாம். அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை. தொங்குகிற தோளைக் கண்ணாடியில் வேறு பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரி 10, திங்கள்

அம்மா சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "அட்டைக் கட்டில் அம்மாவுக்குப் புரை ஏறிடுச்சு" என்றாள். பக்கத்துக் கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாளாம். திரும்பி ஓடுவதற்குள் முகம் நீலம். குழாய் விட்டு உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். மூச்சு வந்துவிட்டது. காய்ச்சலும் வந்துவிட்டது.

நான் ஜோக் ஒன்று வைத்திருந்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அந்த அம்மா போய்விட்டார்கள். நிமோனியா.

பிப்ரவரி 17, திங்கள்

புகார் வந்திருக்கிறது. வெளியூரில் இருந்து வந்த மகன் எழுதியது, தங்கச்சியும் கையெழுத்து. தாகம் என்று கதறியும் சிஸ்டர் தண்ணீர் தரவில்லை. கூப்பிட்டும் வரவில்லை. குழாயில் சாப்பாட்டை அவசரமாக ஊற்றி நுரையீரலில் போகவிட்டார். அம்மா இதை அப்பாவிடம் சொல்லும்போது பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். குரல்கூட மாறவில்லை. பால்தான் பாதி வெளியே சிந்தியது.

ஏன் தண்ணீர் கூடாதென்று அந்த அக்காவிடம் சொல்லவே இல்லையா என்று கேட்டேன்.

"எத்தனை தடவைடி சொல்றது. அவங்க காதுல 'கூடாது' மட்டும்தான் விழுந்துது."

பிப்ரவரி 18, செவ்வாய்

வீடியோ வந்துவிட்டது. யாரோ போனில் எடுத்தது, கண் இமைத்தால் முடிந்துவிடும். படத்தில் கட்டில் கம்பி, ஒரு கை. "தண்ணி... தண்ணி..." என்று ஒரு குரல். பிறகு என் அம்மா குரல்: "இல்லம்மா, தரக் கூடாது. சொன்னா கேளுங்க." அவ்வளவுதான். அதற்கு அப்புறம் துணியை நனைத்திருப்பாள். அதை யாரும் எடுக்கவில்லை. கீழே எழுதியிருப்பதையெல்லாம் நான் இங்கே எழுதமாட்டேன்.

வகுப்பில் பின்பெஞ்சுக்காரன் தண்ணீர் பாட்டிலை எனக்கு நேராக நீட்டினான். நான் கையை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டு, "இரு, உங்கம்மாகிட்ட கேட்டுட்டுத் தரேன்" என்றான். வகுப்பே சிரித்தது. டைமிங் நன்றாகத்தான் இருந்தது. வேறு யாரைப் பற்றியாவது என்றால் நானே அந்த ஜோக்கை அடித்திருப்பேன். அதுதான் தாங்கமுடியவில்லை.

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

அப்பா நாற்காலிக்கு மேலிருந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. அம்மா "நல்லாத்தான் கேட்டாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இன்று அவளோடு வார்டில் வேலை பார்க்கிற அத்தை வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். என்னைக் கடைக்குப் போகச் சொன்னார்கள். போனேன், அடுக்களை ஜன்னல்வரைக்கும்.

"உனக்கு என்னடி, வாயில கொழுக்கட்டையா? குழாய்ல போனது சரியாத்தான் போயிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார். வாய் வழியா வேற யாராவது கொடுத்திருப்பாங்களான்னு அவங்களாவே எடுத்துக் கொடுக்குறாங்க. பார்க்கலைங்குற. தலையணை நனைஞ்சிருந்ததை நானும்தானே பார்த்தேன்? அந்தப் பொண்ணு கையில ஸ்பூன் இருந்துச்சு."

அம்மா குக்கரைத் தேய்க்கிற சத்தம் மட்டும்.

"ஈரத்தைப் பார்த்தோம். கொடுத்ததைப் பார்த்தோமா? பார்க்காததைச் சொன்னா, அவங்க எழுதினதுக்கும் நான் சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்?"

"உன் வேலைடி."

"தெரியுது. அந்தப் பொண்ணு ஆசையா கொடுத்திருக்கும். நீ கொடுத்ததாலதான் உங்கம்மா போனாங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அதைக் கேட்டுட்டு அது எப்படி வீட்டுக்குப் போகும்?"

அத்தை, இவளோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கடைக்குப் போய்விட்டு வந்த மாதிரி உள்ளே வந்தேன். என்ன வாங்கி வந்தாய் என்று அம்மா கேட்டாள். மறந்துட்டேன் என்றேன். நடிப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்கு இரக்கம். சரி. ஆனா நான் எதுக்கு இரக்கப்படணும்? எங்கம்மாவை ஊரே கொலைகாரிங்குது. அந்தக் கடைக்காரி மட்டும் நிம்மதியா மெஷின் மிதிச்சுக்கிட்டு இருப்பாளா?

மார்ச் 3, திங்கள்

முடிவு வந்தது. அம்மா மேல் தவறு நிரூபணமாகவில்லையாம். ஆனால் வெளியே பேச்சாகிவிட்டதாம், நோயாளிகள் பக்கம் கொஞ்ச காலம் வேண்டாமாம். கீழே, கருவிகளை டிரம்மில் அடைத்து ஆவியில் வேகவைக்கிற அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். "கொஞ்ச காலம் என்றால்?" என்று அப்பா கேட்டார். அம்மா தோளைக் குலுக்கினாள். யூனிஃபார்ம் இன்னும் தொங்குகிறது.

தப்பு இல்லையாம், தண்டனை மட்டும் உண்டாம். பரீட்சையில் பாஸ், ஆனால் அதே வகுப்பிலேயே உட்கார் என்கிற மாதிரி.

மார்ச் 5, புதன்

போனேன்.

பையில் இரண்டு சாமான். ஒன்று என் பள்ளி ஸ்கர்ட், மடிப்பு பிரிந்தது (பிரித்தது நான்). இன்னொன்று பசை ட்யூப், பட்டால் விரலைப் பிரிக்க முடியாது என்கிற ரகம். ஷட்டர் பூட்டுக்காக. மூன்றாவது சாமான் வாயில் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: அக்கா, உங்கம்மா எதனால செத்தாங்க தெரியுமா? நீங்க கொடுத்த தண்ணியாலதான். இதை எந்தக் குரலில் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது, எல்லாம் தயார்.

அவள் என்னைப் பார்த்ததில்லை. நான் வார்டுக்குப் போன அன்று மருந்து வாங்கப் போயிருந்தாள். சின்னக் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், தரையெல்லாம் துணி வெட்டு. நான் கற்பனை செய்திருந்த ஆள் வேறு. இவள் தலையே வாரவில்லை. போட்டுக்கொண்டு வா, நீளம் பார்க்கலாம் என்றாள். மறைப்புக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு வந்தேன். என் முன்னால் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மடித்து மடித்துக் குத்தினாள். உச்சி வகிடு எனக்கு நேர் கீழே. சொல்ல இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

அவள் எழுந்துபோய் ஜக்கிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். "மெதுவா குடிடா. புரை ஏறப்போகுது."

குடித்தேன். பார்த்துக்கொண்டே நின்றாள். நான் குடித்து முடிக்கிறவரை கண்ணை எடுக்கவில்லை.

"எங்கம்மாவும் இப்படித்தான், மடக்கு மடக்குன்னு குடிப்பாங்க" என்றாள். அப்புறம் யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாத மாதிரி: "ஆஸ்பத்திரில ஒரு வாய் தரல. கடைசில யாருக்கும் தெரியாம நான்தான் ஸ்பூன்ல நாலு வாய் ஊத்தினேன். கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதை மட்டும் செய்யாம விட்டிருந்தேன்னா இன்னைக்கு எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருக்கிறாளா? நடிப்பைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. அது நடிப்பு இல்லை.

நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அம்மா திரும்ப வார்டுக்குப் போகலாம். பின்பெஞ்சுக்காரன் வாயை மூடுவான். ஒரே ஒரு வாக்கியம்தான். இவள் அந்த நாலு வாய் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

"ஸ்கர்ட் எப்பக்கா கிடைக்கும்?" என்று கேட்டேன்.

திரும்பும்போது பசை ட்யூபைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். அழுதேன் என்று எழுதவேண்டுமா? எழுதவில்லை.

மார்ச் 6, வியாழன்

இப்போது நான் நாற்காலிக்கு மேல் அட்டை எழுதினால் அது அப்பாவுக்கு இல்லை, என் வாய்க்குத்தான்.

மார்ச் 20, வியாழன்

அம்மாவுக்கு இப்போது பச்சை அங்கி. நெஞ்சில் பெயர் குத்தவேண்டாமாம். கத்தரிக்கோல் பெயர் கேட்காது என்று அப்பா சொன்னார், சிரிக்கவைக்கத்தான். அம்மாவும் சிரித்த மாதிரி செய்தாள். ஆவி பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிகிறது.

சாயங்காலம் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் ஸ்கர்ட் கைக்கு வந்ததும் மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"யார் தைச்சது?"

"பஸ் திரும்புற முனையில."

பெட்டி அப்படியே நின்றது. துணி கருகப்போகிறதே என்று நான் பயப்படுவதற்குள் தூக்கிவிட்டாள்.

"என்ன பேசின?"

"எப்ப கிடைக்கும்னு கேட்டேன்."

"வேற?"

"தண்ணி கொடுத்தாங்க. குடிச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம். பிறகு உரிந்த விரலால் தையலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவினாள். "நல்ல கை" என்றாள். மடித்து வைத்தாள்.

சாப்பிடும்போது பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன், இன்னைக்கு என்னம்மா ஆச்சு என்று.

"நாலு டிரம் வெந்துது" என்றாள்.

அப்பாவும் தலை நிமிர்ந்தார். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று சாப்பிட்ட கை காய்கிறவரை உட்கார்ந்திருந்தோம்.